கழுத்திலே ஓர் இறுக்கம்

எம் பாடசாலை ஆசிரியை ஒருவருக்குக் குரல் கம்மிற்று. வெண்கட்டித் தூளே காரணமென்று நாமெல்லோரும் தீர்ப்புக் கூறிக் கொத்தமல்லிக் குடிநீர் பருகச் சொன்னோம். விழுங்கும்போது ஏதோ தடுக்கிறது, சட்டைக் கழுத்து இறுக்குகிறது என்று அவர் கூறியதை எவரும் பொருட்படுத்தவில்லை. ஓராண்டு வீணே கழிந்தது.

நேயர்களே, குரல்வளைக்குக் கீழே, மூச்சுக்குழலின் முன்பாக, வண்ணத்துப்பூச்சி வடிவிலே தைரொயிட்டுச் சுரப்பி அமைந்துள்ளது. உடலைக் காக்கவேண்டிய வெண்குருதிக் கலங்களே அதனைப் பகையென மயங்கித் தாக்குவதுண்டு. நான்கு பெண்களின் சுரப்பிகளை ஆராய்ந்து, யப்பானிய வைத்தியர் ஹஷிமோட்டோ 1912 ஆம் ஆண்டில் இந்நோயை விவரித்தார். சுரப்பி வீங்கினால் கழுத்து இறுகும். சுரப்புக் குறைந்தால் குரல் கரகரக்கும். வலி பெரும்பாலும் இராது; அதனாலன்றோ நமது அசட்டை! கழுத்தைத் தடவிப் பார்த்து, இரத்தத்தையும் சோதித்தே வைத்தியர் இதனை அறிவார்.

அவ்வாசிரியை இப்பொழுது காலைத் தேநீருக்கு முன்னரே மாத்திரையை விழுங்கிவிட்டு வகுப்புக்கு வருகிறார்.