மூன்று அசல்கள்

திருப்பூர் வாசகர் ஒருவர் கேட்கிறார்: "ஆர்டர், இன்வாய்ஸ், பேக்கிங் லிஸ்ட் எல்லாம் கம்ப்யூட்டரிலேயே போய்விடுகிறது. பி.எல். மட்டும் ஏன் இன்னும் கூரியரில் போகிறது?"

மற்றவை வெறும் தகவல். பி.எல்., அதாவது கப்பல் கம்பெனி சரக்குக்குத் தரும் பில் ஆஃப் லேடிங், ஏறக்குறைய சரக்கேதான். அசலை நீட்டுகிறவரிடம்தான் கப்பல் கம்பெனி கன்டெய்னரை ஒப்படைக்கும். சரக்கு நடுக்கடலில் இருக்கும்போதே அசலில் கையெழுத்துப் போட்டு இன்னொருவருக்கு விற்றுவிடலாம். வங்கி அதை ஈடாக வைத்துக்கொண்டு பணம் தரும். இதுபோலத்தான் எங்கள் வீட்டு மூலப்பத்திரத்தை அப்பா டிரங்குப் பெட்டியில் பூட்டி வைத்திருந்தார். ஜெராக்ஸை மட்டும் கேட்டவர்களுக்கெல்லாம் தாராளமாகக் கொடுப்பார்.

எனக்கு இதில் தீராத வியப்பு, அசல் ஒன்றல்ல, வழக்கமாக மூன்று என்பதுதான்! பாய்மரக் காலத்தில் கடிதமும் கப்பலில்தான் போகவேண்டும். அந்தக் கப்பல் மூழ்கிவிட்டால்? ஆகவே அசல்களைத் தனித்தனிக் கப்பல்களில் அனுப்பினார்கள். ஒன்றைக் காட்டிச் சரக்கை எடுத்துவிட்டால் மற்றவை செல்லாது. இந்த வாசகத்தை இன்றும் பி.எல்.லில் அச்சடிக்கிறார்கள். மூழ்கும் பயம் போய்விட்டது, மூன்று அசல் போகவில்லை. ஒரே சரக்கை இரண்டு பேரிடம் விற்க நினைப்பவனுக்கு இதைவிட வசதி வேறென்ன வேண்டும்?

மின்கோப்புக்கோ எத்தனை பிரதி வேண்டுமானாலும் எடுக்கலாம். அவற்றில் 'அசல்' எது என்பதைச் சட்டம் ஏற்கவேண்டும். அதற்கான மாதிரிச் சட்டத்தை ஐ.நா. வர்த்தகச் சட்ட ஆணையம் 2017இல் தந்தது. சிங்கப்பூர் 2021இல் அதை ஏற்றது. இங்கிலாந்து 2023இல் தனிச்சட்டம் போட்டது. நாம் 1856ஆம் ஆண்டின் பி.எல். சட்டத்தையே 2025 வரை வைத்துக்கொண்டிருந்தோம்.

சட்டம் மட்டும் போதாது, சம்பந்தப்பட்ட எல்லோரும் சேரவும் வேண்டும். 2014இல் மேர்ஸ்க் கப்பல் கம்பெனி, கென்யாவிலிருந்து ஐரோப்பா போன ஒரு கன்டெய்னரைப் பின்தொடர்ந்து பார்த்தது. சுமார் 30 பேரும் நிறுவனங்களும் சம்பந்தப்பட்டிருந்தனர். 200க்கு மேற்பட்ட தகவல் பரிமாற்றங்கள்! அனைவரையும் ஒரே தளத்தில் இணைக்க ஐ.பி.எம்.முடன் சேர்ந்து 2018இல் 'ட்ரேட்லென்ஸ்' கொண்டுவந்தது. அதை மூடப்போவதாக 2022 நவம்பரில் அறிவித்தார்கள். தொழில்நுட்பம் தோற்றதாக நான் நினைக்கவில்லை. போட்டிக் கம்பெனி கட்டிய தளத்தில் தன் வியாபாரக் கணக்கை வைக்க யாருக்கு மனம் வரும்?

யாருக்கும் சொந்தமில்லாத பொதுத் தரம்தான் சரியான வழி. அந்த வழியில், 2030க்குள் பி.எல். முழுவதையும் மின்னணுவாக்குவதாக ஒன்பது பெரிய கப்பல் கம்பெனிகள் 2023இல் உறுதி சொல்லியிருக்கின்றன.

திருப்பூர் நண்பரே, உங்கள் வங்கியும் பையரும் மின்னணு பி.எல்.லை ஏற்பார்களா என்று இப்போதே எழுதிக் கேளுங்கள். ஒருவர் மறுத்தாலும் கூரியர்தான்.