எல்லையிற் கேட்கும் குரல்

நாட்டெல்லையை ஆராய்வோர் பெரும்பாலும் வரைபடத்தையும் உடன்படிக்கையையுமே நாடுவர். கோடு எங்கே செல்கின்றது என்பதை அவை கூறும். அக்கோட்டருகே மக்கள் எவ்வாறு வாழ்ந்தனர் என்பதைக் கூறா. அதனை அறிதற்குச் செவியும் ஒரு கருவியாம் என்பதே யான் ஈண்டுக் கூறப் புகுவது.

1967ஆம் ஆண்டு யூன் மாதப் போரில் சிரியாவின் கோலான் மேட்டுநிலத்தின் பெரும்பகுதியை இஸ்ரேல் கைப்பற்றியது. மஜ்தல் ஷம்ஸ் முதலிய ஊர்களில் வாழ்ந்த துரூசு மக்களின் குடும்பங்கள் இருகூறாயின. தாய் ஒருபால், மகன் ஒருபால். வேலியும் கண்ணிவெடியும் நடுவே கிடக்க, பள்ளத்தாக்கின் இருமருங்கும் உறவினர் கூடிநின்று, ஒலிபெருக்கி ஏந்திப் பிறப்பும் இறப்பும் திருமணமும் கூவி அறிவித்தனர். ‘கூவும் பள்ளத்தாக்கு’ என அவ்விடம் பெயர் பெற்றது. கைத்தொலைபேசி வந்தபின் அக்கூவல் அருகிற்று.

ஒலியைக் கொண்டே ஆய்வு நிகழ்த்தும் கலைஞர் லோறன்ஸ் அபூ ஹம்தான், 2013இல் இப்பள்ளத்தாக்கின் ஒலிப்பதிவுகளை வேறு சில பதிவுகளோடு இணைத்து ஓர் ஒலிக்கட்டுரை அமைத்தார். அவை இஸ்ரேலிய இராணுவ நீதிமன்றங்களிற் பலஸ்தீனருக்காக மொழிபெயர்க்கும் துரூசுப் படைவீரரின் குரல்கள். ஓரிடத்தில் அறபுமொழி எல்லையைத் தாண்டி உறவைத் தொடுகின்றது. மற்றோரிடத்தில் அதே மொழி எல்லையாகவே நிற்கின்றது. எழுத்தில் வரைந்தால் இரண்டும் அறபே. கேட்டாலன்றோ வேறுபாடு புலனாகும்?

தமிழ் கற்றார்க்கு இவ்வுண்மை புதிதன்று. சேய்மையில் நிற்பாரை விளிக்குங்கால் ஓசை தன் அளவிறந்து நீளும் என்பதைத் தொல்காப்பியர் விளிமரபிற் குறித்துள்ளார். அவ்விதியைக் கற்பிக்கும்போதெல்லாம், வயலுக்கப்பால் நிற்பவனைக் கூவும் உழவனையே மாணவர்க்கு எடுத்துக்காட்டி வந்தேன். இனிக் கோலான் தாயையும் காட்டுதல் தகும். உழவன் நாலடி நடந்தால் அவனுக்குச் சேய்மை அண்மையாகிவிடும். அத்தாய் நடத்தற்கு வழியில்லை. அவள் குரலின் நீட்சி நிலத்தின் தொலைவை மட்டுமன்றி, அரசுகள் இட்ட தடையையும் அளந்து காட்டுகின்றது.

‘நலமா?’ என்னும் சொல்லை ஏட்டில் எழுதிவைத்தால், அருகிருந்து வினவியதோ, முள்வேலிக்கப்பால் நின்று கூவியதோ, யார் அறிவார்? ஆதலின், எல்லையூர் மக்களின் வாழ்வை ஆராயப் புகும் மாணவர் எழுதுகோலோடு ஒலிப்பதிவுக் கருவியையும் உடன்கொண்டு செல்க. பேச்சைப் பதிவதோடு அமையாது, அதற்கு மறுமொழி வரும்வரை நிலவும் மௌனத்தையும் பதிந்து கொள்க.