உறைந்து நின்ற கணிப்பொறியும் மூன்று விசைகளும்

நெய்யாற்றின்கரைப் பகுதியிலுள்ள ஆரியங்கோட்டில் ஒரு மாலைப்பொழுது நாம் மொழிபெயர்ப்பு வேலையில் ஆழ்ந்திருந்தோம். பன்னிரண்டாம் பக்கத்தின் நடுவே கணிப்பொறி நின்றுவிட்டது. சுட்டி நகர்ந்தது, எழுத்து மட்டும் விழவில்லை. பதற்றத்தில் மின்பொத்தானை அழுத்திப் பிடித்தோம். இயந்திரம் மீண்டது, சேமியாதிருந்த நான்கு பக்கங்கள் மீளவில்லை. மறுநாள் காலை ஒப்படைக்கவேண்டிய வேலை அது. இரவெல்லாம் விழித்திருந்து மறுபடி எழுதினோம்.

கணிப்பொறி உறைந்துவிட்டது என்கிறோம். பெரும்பாலும் உறைந்திருப்பது ஒரு செயலி மட்டுமே. அதனை ஆளும் இயக்க முறைமை உள்ளே விழித்தேயிருக்கும். சுட்டி நகர்ந்ததே அதற்கு அடையாளம். ஓரிரு நிமிடம் பொறுத்திருந்தால் நம் பக்கங்கள் ஒருவேளை தப்பியிருக்கும். ஆகவே, பொறுமையே முதற்படி. அதன் பின்னரே விசைகளை நாடவேண்டும்.

கண்ட்ரோல், ஆல்ட், டெலீட் என்னும் மூன்றையும் ஒருசேர அழுத்தும் முறையை வகுத்தவர் டேவிட் பிராட்லி. ஐ.பி.எம். நிறுவனம் 1981-இல் வெளியிட்ட தனியாள் கணிப்பொறியை உருவாக்கிய பொறியாளர்களுள் அவர் ஒருவர். சோதனையின்போது நின்றுபோகும் இயந்திரத்தை, மின்சாரத்தை நிறுத்தாமலே மீண்டும் தொடங்குவது அவர் நோக்கம். முதலில் டெலீட்டுக்குப் பதிலாக எஸ்கேப்பைத் தேர்ந்திருந்தார். அம்மூன்றும் இடக்கை ஒன்றிலேயே தவறுதலாக அழுந்திவிடக்கூடும் என்பதால் அதனை மாற்றினார். எட்டாத தூரத்தில் விசையை வைத்ததே ஒரு பாதுகாப்பு.

அக்காலத்தில் அவ்வழுத்தம் எச்சரிக்கையின்றி யாவற்றையும் போக்கிவிடும். இன்றைய விண்டோஸில் அவ்வாறன்று. அவ்வழைப்பு நேரே இயக்க முறைமையிடம் செல்கிறது. இடையிலுள்ள செயலி அதனைத் தடுக்க இயலாது. தோன்றும் பட்டியலில் டாஸ்க் மானேஜரைத் தேர்ந்து, நின்றுபோன செயலியை மட்டும் முடித்துவிடலாம், ஏனையவை பிழைத்துக்கொள்ளும். கண்ட்ரோல், ஷிப்ட், எஸ்கேப் மூன்றும் நேராகவே அங்கு இட்டுச்செல்லும்.

நம் ஊர்ப் பிள்ளைகள் கேரளப் பள்ளிகளில் பயில்வது உபுண்டுவை அடிப்படையாகக் கொண்ட லினக்ஸில். அதில் யாவும் நின்றுவிட்டால், ஆல்ட், பிரிண்ட் ஸ்கிரீன் இரண்டையும் பிடித்தபடி எஸ், யு, பி என்னும் எழுத்துகளைச் சில நொடி இடைவெளிவிட்டு ஒவ்வொன்றாக அழுத்தலாம். எஸ், வட்டில் ஏறக் காத்திருக்கும் தரவை எழுதி முடிக்கும். யு, வட்டில் மேற்கொண்டு எதுவும் எழுதப்படாதவாறு காக்கும். பி, இயந்திரத்தை உடனே மறுபடி தொடங்கும். சில மடிக்கணிப்பொறிகளில் எஃப்.என். விசையையும் சேர்த்து அழுத்த நேரும்.

இவை யாவும் பயன்தராதபோதே மின்பொத்தானைப் பத்து நொடியளவு அழுத்திப் பிடிக்கவேண்டும். அது கடைசி வழி, முதல் வழியன்று.

ஒன்றை மறத்தலாகாது. இவ்விசைகள் இயந்திரத்தை மீட்குமேயன்றி, நாம் சேமியாத எழுத்தை மீட்பதற்கு உறுதி தாரா. அதனைக் காப்பது கண்ட்ரோலும் எஸ்ஸும் சேர்ந்த சிறிய அழுத்தம். இப்போதெல்லாம் ஒவ்வொரு பத்தி முடிந்ததும் நம் விரல்கள் தாமாகவே அங்கே செல்கின்றன. வருமுன் காத்தல் என்பது இதுவேயன்றோ!