சேப்பாக்கத்தில் உயர்ந்த ஒற்றை விரல்

1986 செப்டம்பர் 22, சென்னை சேப்பாக்கம். ஆஸ்திரேலியா வைத்த இலக்கு 348. கிரெக் மேத்யூஸ் கடைசி ஓவரை வீச வந்தபோது, கையில் ஒரே விக்கெட்டுடன் இந்தியாவுக்குத் தேவைப்பட்டது 4 ரன். முதல் மூன்று பந்துகளில் ரவி சாஸ்திரி இரண்டு, அடுத்து ஒன்று எடுத்து ஸ்கோரைச் சமன் செய்தார். எஞ்சிய மூன்று பந்துகளைச் சந்திக்க வேண்டியவர் கடைசி ஆட்டக்காரர் மணீந்தர் சிங்.

ஐந்தாவது பந்து காலில் பட்டது. ஆஸ்திரேலியர்கள் முறையிட்டு முடிப்பதற்குள் நடுவர் விக்ரம்ராஜுவின் விரல் உயர்ந்துவிட்டது. எல்.பி.டபிள்யூ. ஆட்டம் 'டை'!

டெஸ்ட் வரலாற்றில் 1960 பிரிஸ்பேனுக்குப் பிறகு இது இரண்டாவது முறை.

பந்து முதலில் மட்டையில் உரசியது என்றார் மணீந்தர். மட்டையில் பட்டிருந்தால் விதிப்படி எல்.பி.டபிள்யூ. கிடையாது. விக்ரம்ராஜுவோ தன் தீர்ப்பு சரியே என்றார். அதன்பின் அவர் எந்த டெஸ்டிலும் நடுவராக நிற்கவில்லை.

இன்றென்றால் மணீந்தர் டி.ஆர்.எஸ். (நடுவர் தீர்ப்பை மறுபரிசீலிக்கும் முறை) கேட்டிருப்பார், மெல்லிய உரசலையும் ஸ்டம்ப் மைக் காட்டிக்கொடுத்திருக்கும். 2008இல் இந்தியா–இலங்கை தொடரில்தான் அம்முறை டெஸ்டில் முதலில் சோதிக்கப்பட்டது. ஆனாலும் துல்லியத்தில் ஐயம் என்று சொல்லி, 2016 வரை அதற்கு முழுமனதாகத் தலையாட்டாமல் இருந்தது இந்திய கிரிக்கெட் வாரியமேதான்.