ரோப் கார் நிற்கும் மாதம்

பழனிக்கு ஆண்டில் ஒருமுறையாவது போய்வரும் குடும்பங்களுக்கு அந்தச் செய்தி பழக்கமானது. ‘ஆண்டுப் பராமரிப்புக்காக ரோப் கார் சேவை நிறுத்தம்’ என்று நாளிதழின் மாவட்டப் பக்கத்தில் நான்கைந்து வரி வரும். ஏறத்தாழ ஒரு மாதம் பெட்டிகள் ஓடாது. கம்பி வடத்தைச் சோதிப்பார்கள், தேய்ந்த பாகங்களைக் கழற்றி மாற்றுவார்கள், பெட்டிகளில் எடையை ஏற்றிச் சோதனை ஓட்டம் விடுவார்கள். சில நிமிடங்களில் மேலே போயிருக்க வேண்டியவர்கள் விஞ்ச் என்ற இழுவை ரயிலுக்கு வரிசையில் நிற்பார்கள். கால் வலு உள்ளவர்கள் படியேறுவார்கள். மற்றவர்கள் யானைப் பாதையில் நின்று நின்று நடப்பார்கள். தண்டாயுதபாணியின் தரிசனம் மட்டும் அதனால் ஒரு நாளும் நிற்பதில்லை.

இந்த ஏற்பாட்டின் அருமை கணினித் துறைக்கு வந்த பிறகுதான் எனக்குப் புரிந்தது. ஒரு வழியை மூடி, அதன் கூட்டத்தை மற்ற வழிகளுக்குத் திருப்பிவிட்டு, மூடியதைச் செப்பனிட்டுத் திறப்பது. உலகின் பெரிய கணினிக் கூடங்களில் இதுதான் அன்றாட வேலை. அந்த வேலையைக் கையாளும் ‘கிளவுட்’ மேலாண்மை மென்பொருள்களில் முதன்மையான பல, திறந்த மூல மென்பொருள்கள். எவரும் எடுத்துப் பயன்படுத்தலாம், உள்ளே என்ன எழுதியிருக்கிறது என்று படிக்கலாம், திருத்தலாம். அவற்றின் புதிய பதிப்புகள் முன்கூட்டியே குறித்த நாள்களில் வருகின்றன: ஓப்பன்ஸ்டாக் ஆண்டுக்கு இரண்டு, குபர்நெட்டிஸ் ஆண்டுக்கு மூன்று. ‘நன்றாகத்தானே ஓடிக்கொண்டிருக்கிறது, எதற்கு மாற்ற வேண்டும்?’ என்று கேட்காத நிர்வாகம் இல்லை. நியாயமான கேள்வி. அதற்குப் பதில் சொல்ல, அதே மலைத்தொடரில் இன்னும் கொஞ்சம் மேலே ஏற வேண்டியிருக்கிறது.

கொடைக்கானலில், கடல் மட்டத்திலிருந்து 2343 மீட்டர் உயரத்தில் சூரிய ஆய்வகம் இருக்கிறது. ஊர்க்காரர்கள் அந்தப் பகுதியையே அப்சர்வேட்டரி என்பார்கள். அது அங்கே வந்ததற்குப் பின்னால் 1876-78இன் தாது வருடப் பஞ்சம் இருக்கிறது. மழை பொய்த்து மக்கள் கொத்துக் கொத்தாக மடிந்த பிறகு, பருவமழையின் போக்குக்கும் சூரியனில் தோன்றும் கரும்புள்ளிகளுக்கும் தொடர்பு உண்டா என்ற கேள்வி அரசை உறுத்தியது. வானியலாளர் மிச்சி ஸ்மித் நீலகிரியையும் பழனி மலையையும் ஒப்பிட்டுப் பார்த்தார், கொடைக்கானல் தேர்வானது. 1899இல் நிறுவப்பட்டு, 1901இல் ஆய்வு தொடங்கியது. மேகம் ஏன் வரவில்லை என்று அறிவதற்காக, மேகமில்லாத வானத்தைத் தேடி மலையேறினார்கள்.

அவர்கள் எதிர்பார்த்த எளிமையில் அந்தத் தொடர்பு அகப்படவில்லை. அகப்பட்டது வேறொன்று. 1904இலிருந்து வானம் தெளிந்த நாளெல்லாம் சூரியனைக் கண்ணாடித் தட்டில் படம் பிடித்து, தேதியிட்டு அடுக்கினார்கள். 1909 ஜனவரியில் ஜான் எவர்ஷெட், கரும்புள்ளியின் விளிம்பில் வாயு வெளிநோக்கிப் பாய்வதை இங்கிருந்துதான் கண்டுபிடித்தார். இன்றும் அது எவர்ஷெட் விளைவு என்றே பாடநூல்களில் இருக்கிறது. ஆனால், அந்தக் கண்டுபிடிப்பைவிடப் பெரிய சொத்து அந்த அடுக்குதான் என்பேன். வெள்ளைக்காரர் ஆட்சி போனது. வானிலைத் துறையின் கீழிருந்த ஆய்வகம் 1971இல் இந்திய வானியற்பியல் நிறுவனத்தின் கைக்கு மாறியது. படமெடுப்பது நிற்கவில்லை. தலைமுறைகள் மாறியும் பெரும்பாலும் ஒரே கருவியால், ஒரே முறையில் எடுத்ததால்தான் 1920இன் சூரியனையும் 1990இன் சூரியனையும் பக்கத்தில் வைத்து ஒப்பிட முடிகிறது.

இப்போது அவற்றில் 1.2 லட்சம் படங்கள் கணினிக்கு மாற்றப்பட்டுவிட்டன. ஒவ்வொன்றும் 4096 புள்ளி அகலம், 4096 புள்ளி உயரம், புள்ளிக்கு 16 பிட் என்று கணக்கிட்டால் படத்துக்கு 32 மெகாபைட். மொத்தம் சுமார் 4 டெராபைட். சென்னை ரிச்சி தெருவில் வாங்கும் ஒரே ஹார்டு டிஸ்கில் அடங்கிவிடும். சேமிப்பதில் பெரிய சிரமம் இல்லை. சிரமம் பிறகு வருகிறது. பழைய தட்டில் கண்ணாடியின் கறை இருக்கும்; படத்தின் ஓரம் மங்கியிருக்கும்; சூரியனின் வடதுருவம் எந்தப் பக்கம் என்பதைத் திருத்த வேண்டியிருக்கும். இவற்றைச் சரிசெய்ய யாராவது ஒரு மேலான கணக்குமுறையைக் கண்டுபிடிக்கும்போதெல்லாம் 1.2 லட்சம் படங்களையும் முதலிலிருந்து அந்தக் கணக்குக்குள் செலுத்தியாக வேண்டும். படத்துக்கு ஒரு நிமிடம் என்று வைத்துக்கொண்டாலும் ஒரு கணினிக்கு 83 நாள் வேலை. நூறு கணினி கிடைத்தால் 20 மணி நேரம். வேலை முடிந்த மறுநாள் அந்த நூறும் சும்மா கிடக்கும்.

கிளவுட் எனும் மேகக் கணிமையின் தேவை இங்கேதான் பிறக்கிறது. நூறு கணினியை யாரும் இதற்கென்று வாங்கிவைக்க மாட்டார்கள். ஒரு பெரிய கூடத்தில் பல்லாயிரம் கணினிகள் இருக்கும். கேட்பவருக்குக் கேட்ட நேரத்தில் அதிலிருந்து பங்கிட்டு, வேலை முடிந்ததும் திரும்பப் பெற்று அடுத்தவருக்குத் தர வேண்டும். ஒரே இயந்திரத்துக்குள் பத்துத் தனித்தனிக் கணினிகள் இருப்பதுபோல் தடுப்புகள் எழுப்ப வேண்டும். நடுவில் ஒன்று செயலிழந்தால் அதன் வேலையை வேறொன்றிடம் ஒப்படைக்க வேண்டும். கல்யாண வீட்டில் பந்தி விசாரிக்கிறவரை நினைத்துக்கொள்ளுங்கள். அவர் கையில் கரண்டி இருக்காது. எந்த இலையில் எது குறைகிறது என்பதிலேயே கண் இருக்கும். ‘அங்கே ரசம்’ என்று ஒரு குரல் போகும். குபர்நெட்டிஸ் செய்வது ஏறக்குறைய இதுவே. ‘இந்த நிரலுக்கு எப்போதும் ஐந்து பிரதிகள் ஓடிக்கொண்டிருக்க வேண்டும்’ என்று எழுதிக்கொடுத்துவிட்டால் போதும். நான்காகக் குறைந்தால் அதுவே ஐந்தாவதை எழுப்பும். நள்ளிரவில் யாரையும் கூப்பிடாது. கிரேக்க மொழியில் அந்தப் பெயருக்கு மரக்கலம் செலுத்துபவன் என்று பொருள். நம்மிடம் மீகாமன் என்று அழகான சொல் இருக்கிறது.

கூடத்தையே பங்கிடும் அடித்தள வேலையை ஓப்பன்ஸ்டாக் செய்கிறது. அதன் பிறப்பிலும் விண்வெளி ஆய்வு இருக்கிறது. அமெரிக்காவின் நாசா தன் ஏம்ஸ் ஆய்வு மையத்தில் நெபுலா என்ற கிளவுட்டைக் கட்டிக்கொண்டிருந்தது. அதற்காக எழுதிய நிரலுக்கு நோவா என்று பெயர்; திடீரென்று ஒளிர்ந்தெழும் விண்மீனைக் குறிக்கும் சொல். ராக்ஸ்பேஸ் என்ற நிறுவனம் கோப்புகளைச் சேமிக்கும் ஸ்விஃப்ட் என்ற நிரலைக் கொண்டுவந்தது. இரண்டையும் சேர்த்து 2010இல் உலகுக்குத் திறந்துவிட்டார்கள். 2012இல் நாசா அதன் உருவாக்கத்திலிருந்து விலகிக்கொண்டது. பெற்றவர் போன பின்பும் பிள்ளை வளர்ந்தது. அணுத்துகள் ஆய்வு நடக்கும் ஐரோப்பாவின் செர்ன் மையம் 2013இல் அதை எடுத்து, பிறகு 3 லட்சம் கோர்களுக்கும் மேல் அதன் பொறுப்பில் விட்டது. நம் நாட்டிலும் அரசின் மேக்ராஜ் கிளவுட் திட்டம் வந்தது. சென்னை சி-டாக் திறந்த மூல நிரல்களைக் கொண்டு மேக்தூத் என்ற கிளவுட் அடுக்கை உருவாக்கியது.

பதிப்புகளுக்குப் பெயரிடுவதில் ஓப்பன்ஸ்டாக்காரர்கள் அகரவரிசையைப் பிடித்துக்கொண்டார்கள். 2010 அக்டோபரில் ஆஸ்டின். 2022 அக்டோபரில் ஆங்கில நெடுங்கணக்கின் கடைசி எழுத்தில் செட். பன்னிரண்டு ஆண்டில் 26 பதிப்புகள். மறுபடி முதல் எழுத்திலிருந்து தொடங்கி, கூடவே ஆண்டையும் சேர்த்தார்கள். 2025 ஏப்ரலில் எபாக்சி, அக்டோபரில் ஃபிளமிங்கோ. நம் கோடியக்கரைக்கு வருமே, அந்தப் பூநாரையின் பெயர்தான். முப்பத்திரண்டாவது பதிப்பு அது.

ஒரு பதிப்பில் புதிய வசதி என்ன என்றுதான் செய்திகளில் எழுதுவார்கள். எனக்கு வியப்பூட்டியது வேறு. ஒரே நிரல் ஒரே நேரத்தில் பல வேலைகளைக் கவனிக்க, தொடக்க காலத்திலேயே ஈவன்ட்லெட் என்ற நிரல் தொகுப்பின் மேல் ஓப்பன்ஸ்டாக்கின் பெரும்பகுதியைக் கட்டியிருந்தார்கள். அந்தத் தொகுப்புக்கு வயதாகிவிட்டது. ஓப்பன்ஸ்டாக் எழுதப்பட்ட பைத்தான் மொழி வேறு பாதையில் போய்விட்டது. ஈவன்ட்லெட்டைப் பார்த்துக்கொள்பவர்களே ‘இதிலிருந்து வெளியேறிவிடுங்கள்’ என்று சொல்லிவிட்டார்கள். ஆகவே குடியிருக்கும் வீட்டின் அஸ்திவாரத்தை, யாரையும் வெளியேற்றாமல், ஓரம் ஓரமாக மாற்றிக்கொண்டிருக்கிறார்கள். ஃபிளமிங்கோவில் சில பகுதிகள் அதிலிருந்து விடுபட்டுவிட்டன. மற்றவை வரும் பதிப்புகளில். பயன்படுத்துபவர் கண்ணுக்கு இதில் ஒரு துளியும் தெரியாது. தெரியாமல் நடப்பதுதான் அதன் வெற்றி.

‘எதற்கு மாற்ற வேண்டும்’ என்ற கேள்விக்கு வருகிறேன். கண்ணாடித் தட்டை ஈரம் படாமல் அலமாரியில் வைத்துப் பூட்டினால் நூறு ஆண்டு இருக்கும். யாரும் தொடாததே அதற்குப் பாதுகாப்பு. கணினிக் கோப்பு அப்படி இராது. அதைத் திறக்கும் நிரல் மாறும், அந்த நிரலைத் தாங்கும் இயங்குதளம் மாறும், வட்டு ஐந்தாறு ஆண்டில் தேயும், பாதுகாப்பில் புதிய ஓட்டை வெளிப்படும். கோப்பு அப்படியே இருக்க வேண்டுமானால் அதன் கீழே உள்ளதெல்லாம் மாறிக்கொண்டே இருக்க வேண்டும். கீற்றுக் கொட்டகையில் வாழ்ந்தவர்களுக்கு இது விளங்கும். மழைக்கு முன்னால் கூரை வேய்ந்தால்தான் அது பழைய வீடாக நீடிக்கும். சும்மா விட்டால் குட்டிச்சுவர்.

ஓப்பன்ஸ்டாக்கின் ஒவ்வொரு பதிப்பையும் சுமார் ஒன்றரை ஆண்டுதான் பராமரிப்பார்கள். ஆறு மாதத்துக்கு ஒருமுறை மாற்றுவது சிறிய கூடங்களுக்குப் பெரும்பாடு என்ற முறையீடு நெடுங்காலம் இருந்தது. அதில் நியாயமும் இருந்தது. 2023இன் ஆன்டிலோப் பதிப்பிலிருந்து அதற்கு ஒரு வழி செய்தார்கள். ஆண்டின் முதல் பதிப்பிலிருந்து அடுத்த ஆண்டின் முதல் பதிப்புக்கு, நடுவில் உள்ளதைத் தாண்டி நேரே போகலாம். அப்படித் தாண்டுவது பழுதின்றி நடக்கிறதா என்று சோதித்த பிறகே வெளியிடுகிறார்கள். எபாக்சியில் இருப்பவர் ஃபிளமிங்கோவை விட்டுவிட்டு 2026இன் முதல் பதிப்பான காஸ்பாச்சோவுக்கு ஏறலாம்.

நான் முன்பு வேலை பார்த்த ஓர் இடத்தில் இப்படிப்பட்ட ஒரு கூடத்தை நான்கு ஆண்டு தொடாமல் வைத்திருந்தோம். ஓடுகிறதைக் கலைக்காதே என்பது அங்கே எழுதாத சட்டம், நானும் ஆமோதித்தவன்தான். ஒருநாள் பாதுகாப்புச் சான்றிதழ் ஒன்று காலாவதியானது. புதுப்பிக்கப் போனால் பழைய பதிப்புக்குப் புதிய சான்றிதழ் ஒத்துவரவில்லை. பதிப்பை மாற்றப் போனால் நடுவில் ஏழு பதிப்புகள். ஒவ்வொன்றாகத்தான் ஏற முடியும் என்று தெரிந்த இரவில் எங்களில் ஒருவரும் வீட்டுக்குப் போகவில்லை. முடிக்கப் பதினொரு நாள் ஆனது. அந்தந்தப் பதிப்பு வந்தபோதே ஏறியிருந்தால் எல்லாம் வேலை நேரத்திலேயே, பகலிலேயே முடிந்திருக்கும்.

பகலில் எப்படி முடியும்? பழனி செய்கிற அதே வழிதான். முதலில் ஓர் இயந்திரத்துக்குப் புதிய வேலை போகாமல் அடைப்பார்கள். அதில் ஓடும் மெய்நிகர் கணினிகளை, ஓட்டத்தை நிறுத்தாமலே பக்கத்து இயந்திரத்துக்கு நகர்த்துவார்கள். நினைவகத்தில் இருப்பது பின்னணியில் பிரதியாகிக்கொண்டே இருக்கும். கடைசி மிச்சத்தை மாற்றும்போது மட்டும் கண் இமைக்கும் நேரம் நிற்கும். சூரியப் படங்களைத் திருத்திக்கொண்டிருக்கும் ஆய்வு மாணவி தன் கணக்கு வேறோர் இயந்திரத்துக்கு இடம் மாறியதை உணரவே மாட்டார். காலியான இயந்திரத்தில் புதிய பதிப்பை ஏற்றி, சோதித்து, வேலைக்குத் திறந்துவிட்டு, அடுத்ததற்குப் போவார்கள்.

இவையெல்லாம் திறந்த மூலமாக இருப்பதில் என்ன லாபம் என்பதை 2023 நன்றாகக் காட்டியது. டெர்ராஃபார்ம் என்ற கருவி கிளவுட்டை அமைக்கப் பரவலாகப் பயன்பட்டது. ஆகஸ்டில் அதன் நிறுவனம் உரிமத்தை மாற்றிக் கட்டுப்பாடுகள் விதித்தது. அடுத்த மாதமே ஓப்பன்டோஃபு என்ற பெயரில் பழைய உரிமத்தோடு தனிக் கிளை முளைத்துவிட்டது. நவம்பரில், மெய்நிகர் கணினிகளை நடத்தும் மென்பொருளை விற்கும் விஎம்வேர் நிறுவனத்தை பிராட்காம் வாங்கியது. ஒருமுறை வாங்கி நிரந்தரமாக வைத்துக்கொள்ளும் உரிமம் போய் சந்தா முறை வந்தது. அதன் நிரல் திறந்த மூலமல்ல. கிளை பிரிக்க யாராலும் முடியாது. சந்தா கட்ட வேண்டும் அல்லது குடிபெயர வேண்டும். ஓப்பன்ஸ்டாக் பக்கம் பலர் திரும்பிப் பார்த்தது அதன் பிறகுதான். நூறு ஆண்டுப் பதிவை வைத்திருக்கும் ஒரு பொது நிறுவனம் தன் சாவியை ஒரே கடைக்காரரிடம் கொடுத்துவைக்கலாகாது என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

திண்டுக்கல்லில் பொறியியல் படிக்கும் மாணவருக்கும் இதில் இடம் இருக்கிறது. ஓப்பன்ஸ்டாக்கின் நிரல் வரிகள், குறைகளின் பட்டியல், ஒவ்வொரு திருத்தத்தின் மீதும் நடக்கும் விவாதம் எல்லாமே பொதுவெளியில் இருக்கின்றன. ஒரு பிழையைப் பிடித்துத் திருத்தி அனுப்பினால் முதலில் தானியங்கிச் சோதனைகள் ஓடும். பிறகு பொறுப்பாளர்கள், வழக்கமாக இருவர், வரி வரியாகப் படித்து, ‘இந்த இடத்தில் இப்படி எழுது’ என்று திருப்பி அனுப்புவார்கள். முதல் திருத்தம் நான்கைந்து முறை திரும்பி வருவது சகஜம். ஐந்தாம் முறை ஏற்கப்பட்டால் அது அடுத்த ஏப்ரலிலோ அக்டோபரிலோ வெளியாகும் பதிப்பில் போய்ச் சேரும்.