ஆறாத கால்புண்ணுக்கு எந்தக் கட்டு?

பூனாகலை மலைகளில் பல வருடம் கொழுந்து பறித்த பெண்கள் சிலரின் கெண்டைக்காலில் நீல நரம்பு புடைத்துச் சுருண்டு கிடக்கும். பின்னேரமானால் கணுக்கால் வீங்கிவிடும். உட்பக்கக் கணுவுக்குச் சற்று மேலே தோல் கறுத்துத் தடித்து அரிக்கத் தொடங்கும். பிறகு ஒருநாள் தேயிலை வாது கீறியோ, அட்டை கடித்த இடத்தைச் சொறிந்தோ ஒரு சிறு காயம் உண்டாகும். மற்றவர்களுக்கு ஒரு வாரத்தில் காய்ந்துபோகும் அந்தக் காயம், இவர்களுக்கு மாதக்கணக்காக ஆறாது.

உடனே சீனி வருத்தம் என்று முடிவுகட்டிவிடுகிறோம். சீனியால் வரும் புண் பெரும்பாலும் உள்ளங்காலிலும் விரல்களிலும் வரும். கணுவுக்கு மேலே, உட்பக்கமாக வருவது அநேகமாக நாளப்புண்.

காலுக்கு இறங்கிய இரத்தம் நாளங்கள் வழியே திரும்ப மேலே ஏறியாக வேண்டும். கெண்டைத் தசை அதைப் பிழிந்து ஏற்றுகிறது. ஏறியது மறுபடி இறங்காதபடி நாளத்துக்குள் இருக்கும் வால்வுகள் தடுக்கின்றன. அசையாமல் நிற்கும்போது கணுக்கால் நாளத்தில் அழுத்தம் 80 முதல் 100 மி.மீ. இரசம் வரை இருக்கும். நல்ல காலென்றால் நடக்க நடக்க அது 30க்கும் கீழே வந்துவிடும். வால்வு பழுதான காலில் அப்படி இறங்காது. நீண்ட நேரம் நிற்பது, பல பிரசவங்கள், உடற்பருமன், நாளத்தில் முன்பு எப்போதோ இரத்தம் உறைந்தது ஆகியவற்றால் வால்வுகள் பழுதாகலாம். நடந்தாலும் குறையாத அந்த அழுத்தம்தான் தோலை அரிக்கிறது. புண்ணில் எந்தக் களிம்பைப் பூசினாலும் அழுத்தம் அப்படியேதான் இருக்கும். கிருமி தொற்றாத புண்ணுக்கு அன்டிபயோட்டிக் குளிசையாலும் பயனில்லை. வெளியிலிருந்து காலை இறுக்கிப் பிடிக்கும் கட்டுத்தான் மருந்து. கணுக்காலில் சுமார் 40 மி.மீ. அழுத்தம் தந்து, முழங்காலை நோக்கிப் போகப்போகத் தளர்வது நல்ல கட்டு.

19ஆம் நூற்றாண்டின் இறுதியில் ஜெர்மனியின் ஹாம்பர்க் நகரத் தோல் மருத்துவர் போல் கெர்சன் உன்னா, துத்தநாகப் பசை தோய்த்த துணியைக் காலில் சுற்றினார். அது இன்றும் புழக்கத்தில் இருக்கிறது. 1980களின் கடைசியில் லண்டன் சாரிங் குரொஸ் மருத்துவமனை நான்கடுக்குக் கட்டைக் கொண்டுவந்தது: முதலில் பஞ்சு, அதன்மேல் கிரேப், அடுத்து இழுபடும் பண்டேஜ், கடைசியாகத் தன்னோடு தானே ஒட்டிக்கொள்ளும் பண்டேஜ். இதை வாரத்துக்கு ஒருமுறை மாற்றினால் போதும். நம்மிடம் அதிகம் காணப்படும் தனிக் கிரேப் பண்டேஜ் சில மணி நேரத்திலேயே தளர்ந்துவிடுகிறது. புண்ணை மூடி வைக்க அது உதவும், ஆற்றுவதற்குப் போதாது.

எது மேல் என்று பிரிட்டனில் முறையாகச் சோதித்தார்கள். 387 நோயாளிகளிடம் நடத்தி 2004இல் வெளியான ஆய்வில், நான்கடுக்குக் கட்டுப் போட்டவர்களில் பாதிப்பேருக்கு 92 நாளில் புண் ஆறியது. குறைவாக இழுபடும் பண்டேஜ் போட்டவர்களுக்கு அதற்கு 126 நாள் பிடித்தது. 2014இல் வெளியான இன்னொரு ஆய்வு, இரண்டடுக்கு அழுத்தக் காலுறையை நான்கடுக்குக் கட்டோடு ஒப்பிட்டது. முடிவு 99 நாள், 98 நாள். வித்தியாசமே இல்லை என்று சொல்லலாம். ஆறிய புண் மறுபடி வந்ததும் காலுறை போட்டவர்களிடம் குறைவு. ஆனால் காலுறையைத் தாங்க முடியாமல் வேறு சிகிச்சைக்கு மாறியவர்கள் அந்தப் பக்கமே கூடுதல். இறுக்கமான காலுறையை வயதானவர்கள் தாங்களே இழுத்துப் போடுவது சிரமம்தான்.

தோட்டத்தில் இந்த முடிவுக்கு வேறொரு பெறுமதியும் இருக்கிறது. கட்டு மாற்ற மலையிறங்கி கிளினிக்குக்குப் போய்வந்தால் அன்றைய பேர், அதாவது நாட்சம்பளம், இல்லை. போதாததற்கு வடகீழ்ப் பருவ மழையில் கொழுந்து எடுத்தால் கட்டு முழுக்க நனைந்துவிடும். காலுறையைக் கழற்றிக் கழுவலாம், காயவைத்துத் திரும்பப் போடலாம், வீட்டில் ஒருவர் உதவினால் போதும். பெரிய புண், நிறைய நீர் வடிகிறது என்றால் முதலில் பல அடுக்குக் கட்டு. சுருங்கிய பிறகு காலுறை. தோட்டத்துக்குப் பொருந்தும் வழி இதுதான்.

எந்தக் கட்டானாலும் கட்டும் விதம் தவறினால் பலனில்லை. நோயாளி பாதத்தை மேல்நோக்கி மடித்து வைத்திருக்க, விரல்களின் அடியிலிருந்து தொடங்க வேண்டும். குதிகால் வெளியே தெரியக் கூடாது. ஒவ்வொரு சுற்றும் முந்திய சுற்றின் பாதியை மூடியபடி, ஒரே இழுப்பில், முழங்காலுக்குக் கீழே போய் முடிய வேண்டும். முன்னங்கால் எலும்புக்கு மேல் பஞ்சு தாராளமாக இருக்கட்டும். புண்ணை மட்டும் சுற்றி இறுக்கினால் அது கயிறு கட்டியது போலாகி, கீழே வீக்கம் கூடும்.

கட்டுவதற்கு முன் கட்டாயம் பார்க்க வேண்டியது ஒன்று உண்டு: காலுக்கு இரத்தம் கொண்டுவரும் நாடிகள் நன்றாக இருக்கின்றனவா? டொப்ளர் கருவியால் கணுக்கால் பிரஷரை அளந்து, கைப் பிரஷரோடு ஒப்பிடுவார்கள். அந்த விகிதம் 0.8க்குக் குறைந்தால் முழு இறுக்கக் கட்டு ஆபத்து. சீனியும் புகைப்பழக்கமும் உள்ளவர்களுக்கு இந்தச் சோதனையைத் தவிர்க்கவே கூடாது. கட்டிய பின் விரல் நீலம் பாய்ந்தாலோ மரத்துப்போனாலோ உடனே அவிழ்த்துவிட வேண்டும்.

கட்டு மட்டுமே முழுத் தீர்வும் இல்லை. 450 பேரிடம் நடத்தி 2018இல் வெளியான ஆய்வில், கட்டோடு சேர்த்துப் பழுதான நாளத்தையும் தாமதிக்காமல் அடைத்தபோது, பாதிப்பேருக்கு 56 நாளில் புண் ஆறியது. அடைப்பதைத் தள்ளிப்போட்டவர்களுக்கு 82 நாள் ஆனது.

கணுவுக்கு மேலே வந்த புண் இரண்டு வாரத்தில் ஆறவில்லையா? களிம்பு மாற்றிப் பார்த்துக்கொண்டிருக்காதீர்கள். தியத்தலாவையிலோ பதுளையிலோ சத்திரசிகிச்சைக் கிளினிக்கில் காட்டி, நாடியைச் சோதித்துக் கட்டுப் போடச் சொல்லிக் கேளுங்கள். புண் ஆறிய பிறகும் காலுறையை விட்டுவிடாதீர்கள்.