சுழல் விசிறிக்கும் வேண்டும் சமநிலை!

(இரண்டாமாண்டு பி.எஸ்ஸி., இயற்பியல்)

கடுகளவு கனம் ஒரு விமானத்தை வீழ்த்துமா? மாதிரி விமானத்தை வீழ்த்தும் என்பதை நான் பட்டறிந்தேன். தேசிய மாணவர் படை விமானப் பிரிவில் நான் இரண்டு மாதம் உழைத்துச் செய்த மாதிரி விமானத்தில், நுனி சிராய்ந்த புரொப்பெல்லரை அப்படியே பொருத்திவிட்டேன். அதிர்வினால் எஞ்சினின் திருகுகள் தளர்ந்தன. விமானம் திடலில் விழுந்து நொறுங்கியது. முகாமுக்குச் செல்லும் வாய்ப்பும் கைநழுவியது.

காரணம் நம் பாடப்புத்தகத்திலேயே உள்ளது. மையவிலக்கு விசை என்பது நிறை, ஆரம், கோணத் திசைவேகத்தின் இருமடி ஆகியவற்றின் பெருக்கற்பலன் ஆகும். மையத்திலிருந்து 10 செ.மீ. தொலைவில் 0.1 கிராம் மிகுதி இருப்பதாகக் கொள்வோம். நிமிடத்திற்கு 10,000 சுற்று சுழன்றால் விசை ஏறத்தாழ 11 நியூட்டன்; அதாவது ஒரு கிலோவுக்குச் சற்று மேற்பட்ட எடை! அது விநாடிக்கு 167 முறை எஞ்சினைச் சுற்றிச் சுற்றி இழுக்கிறது. தாங்கிகள் தேய்கின்றன, தொட்டியில் எரிபொருள் நுரைக்கிறது.

இதைத் தவிர்க்கும் கருவியே பேலன்சர். அதில் மூன்று வகை உண்டு. முதல் வகையில் தண்டு இரு கூரிய விளிம்புகளின்மேல் உருளும். விளிம்புகளை ரசமட்டம் வைத்துச் சரிபார்க்க வேண்டும். இரண்டாம் வகையில் தண்டு சிறு சக்கரங்களின்மேல் சுழலும். மூன்றாவது காந்த வகை: தண்டின் ஒரு முனை மட்டுமே காந்தத்தைத் தொடும்; மறுமுனை அந்தரத்தில் நிற்கும். ஆகவே உராய்வு மிகக் குறைவு.

வாங்கும்போது இரண்டைக் கவனியுங்கள். விசிறியின் துளையை நடுவில் பிடிக்கும் கூம்புகள் இருக்க வேண்டும். தண்டு நேராக இருக்க வேண்டும். விசிறியைத் தண்டின்மேல் அரைச்சுற்று திருப்பி வைத்துப் பாருங்கள். கனமான பக்கம் விசிறியோடு மாறினால் குறை விசிறியில். தண்டோடு நின்றால் குறை கருவியில்.

இனி செய்முறை. விசிறியைக் கிடையாக நிறுத்துங்கள். தாழும் இதழே கனமானது. அதன் முன்புற வளைபரப்பை உப்புத்தாளால் மெல்லத் தேயுங்கள். நுனியை வெட்டவோ துளையிடவோ கூடாது. மரவிசிறியானால் இலேசான இதழில் வார்னிஷ் பூசலாம். காய்ந்தபின் மீண்டும் சோதிக்க வேண்டும். அடுத்துச் செங்குத்தாக நிறுத்துங்கள். ஒரே பக்கம் சாய்ந்தால் நடுக்கட்டையில் அந்தப் பக்கம் கனம். எதிர்ப்பக்கம் சிறிது பசை வையுங்கள். எந்த நிலையில் விட்டாலும் அசையாமல் நின்றால் வேலை முடிந்தது. விரிசல் கண்ட விசிறியை மட்டும் தயங்காமல் எறிந்துவிடுங்கள்.

இதையெல்லாம் சைக்கிள் கடை வைத்திருக்கும் என் தந்தைக்குச் சூத்திரத்தோடு விளக்கினேன். பள்ளிப் படிப்பை முடிக்காதவர் அவர். பொறுமையாகக் கேட்டுவிட்டு, "ஏம்ப்பா, சக்கரத்தைச் சும்மா சுத்திவிட்டா வால்வுப் பக்கம் கீழே வந்து நிக்குமே, அதுதானே?" என்றார்.

அதேதான்! நான் விமானத்தை இழந்து கற்றதை அவர் தினமும் கடையில் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறார். புதிய விமானத்தின் விசிறியை நாங்கள் இருவரும் சேர்ந்தே சமன் செய்தோம்.